வென்டிலேட்டருக்குப் பிறகு மூச்சுக்குழாயில் ஓட்டை: தைத்தால் போதாதா, நடுவில் தசை எதற்கு?

கேள்வி இதுதான்: அப்பா ஒரு மாதத்துக்கு மேல் வென்டிலேட்டரில் இருந்தார். கழுத்தில் துளை போட்டு டியூப் வைத்திருந்தார்கள். தண்ணீர் குடித்தாலே இருமல் வந்ததால் பரிசோதித்துப் பார்த்தார்கள். மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் ஓட்டை இருக்கிறதாம். கழுத்துத் தசை ஒன்றைத் திருப்பி நடுவில் வைத்து ஆபரேஷன் செய்ய வேண்டும், ஆனால் இப்போதே முடியாது, சில வாரம் பொறுக்க வேண்டும் என்கிறார்கள். ஓட்டையைத் தைத்தால் போதாதா? தசை எதற்கு? ஏன் காத்திருக்க வேண்டும்?

தைத்தால் மட்டும் போதாது. தையல் என்பது இரண்டு ஓரங்களைச் சில நாள் சேர்த்துப் பிடித்திருக்கும், அவ்வளவுதான். அந்த ஓரங்கள் ஒட்டி ஆறுவதற்கு ரத்தம் வேண்டும். உங்கள் அப்பாவுக்கு ஓட்டை விழுந்ததே அந்த இடத்துக்கு ரத்தம் போகாததால்தான். தசையை வைப்பதும் காத்திருப்பதும் இந்த ஒரு விஷயத்திலிருந்து வருபவை. நெஞ்சு, கழுத்து ஆபரேஷன்களுக்கு மயக்க மருந்து கொடுக்கிற வேலையில் இருப்பவன் நான். மேஜையின் தலைமாட்டிலிருந்து பார்க்கிறவனாகச் சொல்கிறேன்.

பெரியவர்களின் மூச்சுக்குழாய் சுமார் 11 செ.மீ. நீளம். அதில் 16 முதல் 20 வரை குருத்தெலும்பு வளையங்கள். வளையம் என்று சொன்னாலும் முழு வட்டம் கிடையாது. பின்பக்கம் திறந்தே இருக்கும். அந்தத் திறந்த பக்கத்தை மெல்லிய சவ்வும் தசையும் மூடியிருக்கின்றன. அதை ஒட்டியே உணவுக்குழாய் இறங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் தடுப்பு என்று சொல்லும்படி எதுவும் இல்லை, லேசான இணைப்புத் திசு மட்டும்தான்.

இப்போது வென்டிலேட்டர் டியூபைப் பாருங்கள். டியூபின் நுனிக்குச் சற்று மேலே கஃப் என்ற சின்ன பலூன் இருக்கும். காற்று பக்கவாட்டில் கசியாமலும், வாயிலிருந்து எச்சில் நுரையீரலுக்குள் இறங்காமலும் இருக்க அதை ஊதி வைப்போம். அதன் அழுத்தம் 20 முதல் 30 செ.மீ. நீர் அளவுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் மூச்சுக்குழாயின் உள்தோலில் உள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் நசுங்கத் தொடங்கும். மறுபக்கம் உணவுக்குழாயில், மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூப். முன்னால் பலூன், பின்னால் டியூப், நடுவில் அந்த மெல்லிய சவ்வு. நாள்கணக்கில், வாரக்கணக்கில் இப்படி நசுங்கினால் சவ்வு செத்து ஓட்டையாகிறது. சர்க்கரை நோய், குறைந்த ரத்த அழுத்தம், ஸ்டீராய்டு மருந்து, சரியான சத்தில்லாத உடம்பு எல்லாம் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். 1960களில் இந்த பலூன்கள் கெட்டியான ரப்பரில் இருந்தன. ஜோயல் கூப்பர், ஹெர்மிஸ் கிரில்லோ என்ற இரு அமெரிக்க அறுவை மருத்துவர்கள் அந்தக் கெட்டி பலூன்தான் மூச்சுக்குழாயை அரிக்கிறது என்று 1969இல் காட்டிய பிறகு, குறைந்த அழுத்தத்தில் அகலமாக விரியும் பலூன்கள் வழக்கத்துக்கு வந்தன. பிரச்சினை வெகுவாகக் குறைந்தது, ஒழியவில்லை. பலூனை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு “சரியா இருக்கு” என்று போகிற பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. விரலுக்கு அந்த அளவு தெரியாது. அளக்கச் சின்ன மானி இருக்கிறது. அதைத்தான் வைத்துப் பார்க்க வேண்டும்.

வென்டிலேட்டரில் இருக்கும்போதே இந்த ஓட்டை சில அடையாளம் காட்டும். டியூபில் சக்ஷன் போட்டால் சளியோடு, காலையில் ரைல்ஸ் டியூபில் ஊற்றிய கஞ்சியும் வரும். மெஷின் ஒவ்வொரு முறை மூச்சைத் தள்ளும்போதும் வயிறு உப்பும். ரைல்ஸ் டியூபோடு மாட்டியிருக்கும் பை காற்றால் புடைத்து நிற்கும். நிமோனியா குணமாகிக் குணமாகித் திரும்ப வரும். டியூப் எடுத்த பிறகென்றால், உங்கள் அப்பாவுக்கு வந்ததுபோல, விழுங்கியவுடன் இருமல். திடப் பொருளைவிடத் தண்ணீருக்குத்தான் அதிகம் வரும். ஆனால் பக்கவாதம் வந்தவர்களுக்கும் விழுங்கினால் புரை ஏறும். அதனால் இருமலை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. பிராங்கோஸ்கோப்பி, எண்டோஸ்கோப்பி இரண்டும் செய்து கண்ணால் ஓட்டையைப் பார்த்து, எத்தனை பெரிது, குரல்நாணிலிருந்து எவ்வளவு கீழே, அந்த இடத்தில் மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கிறதா என்று அளந்து கொள்வார்கள். ஆபரேஷனின் வகையைத் தீர்மானிப்பது அந்த அளவுகள்தான்.

சரி, தசைக்கு வருவோம்.

ஓட்டையைப் பிரித்தெடுத்ததும் கையில் இரண்டு துளைகள் இருக்கும்: மூச்சுக்குழாயின் பின்சுவரில் ஒன்று, உணவுக்குழாயின் முன்சுவரில் ஒன்று. இரண்டையும் தைத்துவிட்டால் இரண்டு தையல்களும் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நிற்கும். ஒரு பக்கம் ஒவ்வொரு இருமலுக்கும் அழுத்தம் ஏறும். இன்னொரு பக்கம் ஒவ்வொரு நிமிடமும் எச்சில் இறங்கும். பட்டினி போட்டாலும் எச்சில் நிற்காது. ஏதாவது ஒரு தையலில் சின்னக் கசிவு வந்தாலும் அது நேராக எதிர்த் தையலில்தான் போய் விழும். பழைய ஓட்டை பழைய இடத்திலேயே திரும்பி வந்துவிடும். நடுவில் ஒரு கனமான, உயிருள்ள தசை இருந்தால் கசிவு அதில் முட்டி நிற்கும். அந்தத் தசை தன்னோடு கொண்டுவந்த ரத்தம் இரண்டு தையல்களுக்கும் கிடைக்கும். கிருமியை எதிர்க்கிற அணுக்களும், ஊசி வழி ரத்தத்தில் போடுகிற ஆன்டிபயாட்டிக்கும் அந்த ரத்தத்தோடுதான் வரும். வெட்டியெடுத்த இடத்தில் வெற்றிடமும் இருக்காது. இருந்தால் அங்கே நீர் கோத்துச் சீழ் பிடிக்கும்.

இங்கே பலர் குழப்பிக்கொள்கிற ஒன்று: ஃபிளாப் வேறு, கிராஃப்ட் வேறு. தீக்காயத்துக்குத் தொடையிலிருந்து தோலைச் சீவி ஒட்டுவது கிராஃப்ட். அதற்குச் சொந்த ரத்தக்குழாய் கிடையாது. போய் உட்கார்ந்த இடம் ரத்தம் கொடுத்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் கருகும். உங்கள் அப்பாவுக்குத் திருப்பி வைக்கப்போகிற தசை ஃபிளாப். அது அப்படியல்ல. தோட்டத்தில் பதியன் போடுகிறோமே, கிளையை வெட்டாமல் வளைத்து மண்ணுக்குள் வைத்து, தாய்ச் செடியிலிருந்து சாறு போய்க்கொண்டே இருக்கும்படி விடுகிறோமே, அதைப்போல. தசையின் ஒரு முனை தன் ரத்தக்குழாயோடு பழைய இடத்திலேயே இருக்கும். மறுமுனை மட்டும் திரும்பிப் போய்ப் புது இடத்தில் உட்காரும். ரத்தமில்லாமல் செத்த இடத்துக்கு ரத்தமில்லாத கிராஃப்டைக் கொண்டுபோய் வைத்து என்ன பயன்?

எந்தத் தசை என்பது ஓட்டை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கழுத்திலோ மார்பெலும்பின் மேல்விளிம்பை ஒட்டியோ இருந்தால், மூச்சுக்குழாயின் முன்னால் பட்டை பட்டையாக இறங்கும் மெல்லிய தசைகளே கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை ஒரு முனையில் அறுத்துத் திருப்பி உள்ளே நுழைத்தால் போதும். அதை எடுப்பதால் பெரிய குறை எதுவும் தெரியாது. இன்னும் கனம் வேண்டுமென்றால், காதுக்குப் பின்னாலிருந்து காறை எலும்புக்கு இறங்கும் பெரிய கழுத்துத் தசை. அதற்கு மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்திலிருந்து ரத்தம் வருகிறது. ஒரு முனையை விடுவித்தாலும் மீதி இருப்பது தாங்கும். ஓட்டை நெஞ்சுக்குள் ஆழத்தில், மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்துக்கு அருகில் இருந்தால் கழுத்துத் தசை எட்டாது. அப்போது வலது பக்கம் நெஞ்சைத் திறந்து, விலா எலும்புகளுக்கு நடுவிலுள்ள தசையை நீளப் பட்டையாக எடுப்பார்கள். அதை விலா எலும்பை விரிக்கிற கருவியை மாட்டுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். மறந்துபோய் கருவியை மாட்டிவிட்டால் அந்தத் தசையின் ரத்தக்குழாய் கருவியின் பல்லில் நசுங்கிவிடும். அப்புறம் எடுத்தும் பயனில்லை. வேறு வழியில்லாதபோது வயிற்றுக்குள்ளிருந்து கொழுப்புத் திரையைக்கூட நெஞ்சு வரை மேலே கொண்டுவருவதுண்டு. ரத்த ஓட்டம் என்று பார்த்தால் அது மிக வளமான திசு.

இனி, ஏன் காத்திருக்க வேண்டும் என்ற கேள்வி. குடும்பத்தாருக்கு இதுதான் மிகவும் கஷ்டமான பகுதி என்று எனக்குத் தெரியும். ஓட்டை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஒன்றும் செய்யாமல் வைத்திருப்பதுபோல் தோன்றும். ஆனால் வென்டிலேட்டரில் இருக்கும் ஒருவருக்கு இந்த ஆபரேஷனைச் செய்தால், மறுநாளிலிருந்து மெஷின் புதுத் தையலின்மேல் நிமிடத்துக்குப் பதினைந்து தடவையாவது காற்றை அழுத்தும். போதாததற்கு டியூபின் பலூன் மறுபடியும் தையலுக்குப் பக்கத்திலேயே உட்காரும். ஓட்டையை உண்டாக்கிய அதே காரணத்தைத் தையலின்மேல் வைத்துவிட்டு ஆறட்டும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை. எனவே முதல் நிபந்தனை, நோயாளி மெஷின் இல்லாமல் தானாக மூச்சுவிட வேண்டும். உங்கள் அப்பா அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார். பெரிய விஷயம் அது. இனி நெஞ்சுச் சளி குறைய வேண்டும், உடம்பில் புரதம் ஏற வேண்டும், ஸ்டீராய்டு மருந்து இருந்தால் அது நிற்கவோ குறையவோ வேண்டும், சர்க்கரை கட்டுக்குள் வர வேண்டும். ஓட்டையின் ஓரத்தில் இன்றைக்கு வீங்கிச் சிவந்திருக்கிற திசு கொஞ்சம் தணிய வேண்டும். வீங்கிய திசுவில் தையல் போட்டால் நூல் அறுத்துக்கொண்டு வந்துவிடும்.

இடைப்பட்ட நாளில் செய்வதற்கு வேலை நிறைய உண்டு. வாய் வழியாக எதுவும் கிடையாது. தலைப்பக்கம் எப்போதும் உயர்ந்தே இருக்க வேண்டும், ஏனென்றால் வயிற்றிலிருந்து அமிலம் மேலேறினால் அதுவும் ஓட்டை வழியே நுரையீரலுக்குத்தான் போகும். இதற்காகவே பல மையங்களில் இரண்டு குழாய் வைப்பார்கள்: வயிற்றைக் காலியாக வைத்திருக்க ஒன்று, சிறுகுடலில் நேரடியாக உணவு கொடுக்க இன்னொன்று. மூக்கு டியூபை எடுத்துவிடுவார்கள். கழுத்து டியூப் இன்னும் இருந்தால், அதன் பலூன் ஓட்டைக்குக் கீழே போய் உட்காரும்படி நீளமான டியூபாக மாற்றுவார்கள். இத்தனையும் பார்த்தபின் “தானாக மூடிவிடுமா?” என்று கேட்பீர்கள். மிகச் சிறிய ஓட்டைகள் அபூர்வமாக மூடுவதுண்டு. வென்டிலேட்டரால் வந்த ஓட்டை தானாக மூடும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

ஸ்டென்ட் (உள்ளே விரிந்து நிற்கும் சின்னக் குழாய்) வைத்து அடைக்கலாமே என்றும் சிலர் சொல்லியிருப்பார்கள். உணவுக்குழாய்ப் புற்றுநோய் அரித்து வந்த ஓட்டைக்கு அதுதான் சரியான வழி. அங்கே தசை வைத்துத் தைக்கிற ஆபரேஷனால் நன்மை கிடைப்பதில்லை. நோயாளி எச்சில் விழுங்கவும் கொஞ்சம் சாப்பிடவும் ஸ்டென்ட் உதவும். ஆனால் புற்றுநோய் இல்லாத, ஆபரேஷன் தாங்கக்கூடிய ஒருவருக்கு ஸ்டென்ட் வைத்தால், அது சுவரை விடாமல் வெளிப்பக்கம் அழுத்தி ஓட்டையைப் பெரிதாக்கும். மறுபடி பலூன் கதைதான்.

ஆபரேஷன் அன்று நடப்பதைச் சொல்கிறேன். சிறிய ஓட்டையென்றால் பெரும்பாலும் கழுத்தின் இடது பக்கத்தில் வெட்டுவார்கள், உணவுக்குழாய் அந்தப் பக்கம் சற்று ஒதுங்கியிருப்பதால். இரண்டு குழாய்களுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில்தான் குரல்நாணுக்குப் போகும் நரம்பு ஓடுகிறது, ஒரு மெல்லிய வெள்ளை நூல் மாதிரி. பழைய அழற்சியால் எல்லாம் ஒட்டிக்கிடக்கும் இடத்தில் அதைத் தேடிப் போனாலே காயப்படும். அதனால் அனுபவமுள்ளவர்கள் அதைத் தேடாமல், மூச்சுக்குழாயின் சுவரை உரசினாற்போலவே கத்தியை நகர்த்துவார்கள். ஓட்டையைப் பிரித்ததும் உணவுக்குழாயை இரண்டு அடுக்காகத் தைப்பார்கள். உள்தோல் ஓர் அடுக்கு, தசை ஓர் அடுக்கு. மூச்சுக்குழாய்த் தையலில் முடிச்சுகள் வெளிப்பக்கம் விழ வேண்டும், உள்ளே விழுந்தால் சதை வளர்ந்து அடைக்கும். அப்புறம் தசையைத் திருப்பி நடுவில் பரப்பி, நான்கு மூலையிலும் தையல் போட்டு நகராமல் நிறுத்துவார்கள். சும்மா நுழைத்துவிட்டு வந்தால் அது நழுவி ஒரு பக்கமாய்ப் போய்விடும். வைத்தும் வைக்காத கணக்கு.

பெரிய ஓட்டையென்றால், அதுவும் அந்த இடத்தில் மூச்சுக்குழாய் முழுவட்டமாகக் கெட்டுப்போய்ச் சுருங்கியிருந்தால், ஓட்டையை மட்டும் தைப்பது வேலைக்காகாது. கெட்ட பகுதியையே வெட்டியெடுத்துவிட்டு, மேல் முனையையும் கீழ் முனையையும் சேர்த்துத் தைக்க வேண்டும். உணவுக்குழாயைத் தைத்து, நடுவில் தசை வைத்து, மூச்சுக்குழாயை வெட்டிச் சேர்ப்பது வரை எல்லாவற்றையும் ஒரே ஆபரேஷனில் முடிக்கும் முறையை 1976இல் விவரித்தவரும் பாஸ்டனைச் சேர்ந்த அதே கிரில்லோதான். இன்றைக்கும் அடிப்படை அதுவே. வெட்டியெடுத்த அந்தக் கொஞ்ச நேரம் எங்களுக்குப் பரபரப்பானது. வாய் வழியாகப் போட்ட டியூபை மேலே இழுத்துக்கொண்டு, அறுவை மருத்துவர் நெஞ்சுக்குள் தெரிகிற கீழ் முனையில் வேறொரு டியூபை நேராகச் செருக, அதன் மறுமுனையை மெஷினோடு நாங்கள் இணைப்போம். அவர் சில தையல் போடுவார், “எடுங்க” என்பார், டியூபை எடுத்துவிட்டு மூச்சை நிறுத்தி வைப்போம், மானிட்டரில் ஆக்சிஜன் அளவு இறங்கத் தொடங்கியதும் “போதும்” என்போம், டியூப் மீண்டும் உள்ளே போகும். பின்சுவர் முடிகிறவரை இப்படியே போகும். கடைசியில் காயத்தில் உப்புநீரை ஊற்றி, மெதுவாகக் காற்றை அழுத்தி, குமிழி வருகிறதா என்று பார்ப்போம். முடிந்தால் மேஜையிலேயே டியூபை எடுத்து அவரைத் தானாக மூச்சுவிட வைப்பதுதான் குறி. தையலுக்கு இழுவிசை வரக்கூடாது என்பதற்காக முகவாயை நெஞ்சுத் தோலோடு சேர்த்து ஒரு தடித்த தையல் போட்டிருப்பார்கள். சுமார் ஒரு வாரம் தலை குனிந்தபடியே இருப்பார். பார்க்கிற உறவினர்கள் பயந்துபோவார்கள், முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

இதே ஓட்டைக்கு இன்னொரு வகை நோயாளிகள் வருவார்கள். தொண்டைப் புற்றுநோய்க்காகக் குரல்வளையை முழுதாக எடுத்தவர்களுக்குப் பேச்சு வரட்டும் என்று மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் நாமே ஒரு துளை போட்டு வால்வு வைப்போம். சிங்கர், புளோம் என்ற இருவர் 1980இல் வெளியிட்ட முறை. நல்ல முறை, பலரும் அதனால் பேசுகிறார்கள். சிலருக்கு மட்டும் காலப்போக்கில் துளை பெரிதாகி வால்வைச் சுற்றி டீயும் காபியும் கசிந்து நுரையீரலுக்குள் போகும். கதிர்வீச்சு வாங்கிய கழுத்து அது; சுற்றியுள்ள தசையும் தோலும் எல்லாம் கட்டைபோல் இறுகியிருக்கும், பக்கத்துத் தசையைத் திருப்பினாலும் அதிலும் நல்ல ரத்தம் இருக்காது. எனவே கதிர்வீச்சு படாத இடத்திலிருந்து கொண்டுவர வேண்டும். மார்பின் பெரிய தசையைக் காறை எலும்புக்குக் கீழே வரும் ரத்தக்குழாயோடு திருப்பி மேலே கொண்டுவருவது ஒரு வழி; ஸ்டீபன் ஆரியன் 1979இல் அறிமுகப்படுத்தியதிலிருந்து தலை, கழுத்து மருத்துவர்கள் நம்பியிருக்கும் தசை அது. அதன்மேல் தோலையும் சேர்த்து உணவுக்குழாய்க்குள் வைத்தால், ஆண்களுக்குச் சில சமயம் தொண்டைக்குள் மார்பு முடி வளரும்! அதனால் மெல்லிய, முடி குறைந்த முன்கைத் தோலைத் தமனியோடு முழுதாக அறுத்தெடுத்து, மைக்ராஸ்கோப் வைத்துக் கழுத்து ரத்தக்குழாயோடு இணைப்பதை விரும்புகிறவர்கள் உண்டு. இரண்டு மூன்று மில்லிமீட்டர் குழாய்களில் தையல். முதல் இரண்டு மூன்று நாள் மணிக்கணக்காகத் தோலின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ரத்தம் உறைந்து அடைத்தால் உடனே மேஜைக்குத் திரும்ப வேண்டியதுதான். உங்கள் அப்பாவுக்குக் கதிர்வீச்சு எதுவும் இல்லை, எனவே இந்த நீண்ட வழி அவருக்குத் தேவைப்படாது.

“இந்தக் காலத்தில் செயற்கை மூச்சுக்குழாயே வந்துவிட்டதாமே” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாவ்லோ மக்கியாரினி என்ற அறுவை மருத்துவர் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் 2011இலிருந்து பிளாஸ்டிக் குழாயில் ஸ்டெம் செல் தடவி நோயாளிகளுக்குப் பொருத்தினார். உலகமே பாராட்டியது. ரத்த ஓட்டமே இல்லாத ஒரு குழாய் எப்படி உடம்போடு சேரும் என்று பெல்ஜியத்தின் அறுவை மருத்துவர் பியர் டெலாரே ஆரம்பத்திலிருந்தே கேட்டார். அவர் பேச்சு எடுபடவில்லை. அங்கே பொருத்திக்கொண்ட மூவரும் இறந்தார்கள். 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மக்கியாரினிக்கு இரண்டரை ஆண்டு சிறை விதித்தது. அதே டெலாரே, தானமாகக் கிடைத்த மூச்சுக்குழாயை முதலில் நோயாளியின் முன்கையில் திசுவால் சுற்றி மாதக்கணக்கில் வைத்து, ரத்தம் ஓடத் தொடங்கிய பிறகே கழுத்துக்கு மாற்றினார். உங்கள் ஊர் மருத்துவர் கழுத்துத் தசையை நம்புவதும் அதே காரணத்தால்தான்.

ஆபரேஷனுக்குப் பிறகு வரக்கூடியவற்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஓட்டை சிலருக்குத் திரும்ப வரும். மூச்சுக்குழாய் தைத்த இடத்தில் சுருங்கலாம். மூச்சில் விசில் சத்தம் கேட்டால் உடனே காட்ட வேண்டும். நரம்பு அதிர்ச்சியில் குரல் கம்மலாம், பலருக்கு மாதங்களில் சரியாகும், சிலருக்கு நிற்கும். சுமார் ஒரு வாரம், பத்து நாள் கழித்து, மருந்து விழுங்க வைத்து எக்ஸ்ரேயில் கசிவு பார்ப்பார்கள். கசிவில்லை என்று தெரிந்தபின்தான் வாய் வழி உணவு.

மருத்துவரிடம் இவற்றைக் கேளுங்கள்: ஓட்டை எத்தனை செ.மீ.? மூச்சுக்குழாயை வெட்டிச் சேர்க்க வேண்டியிருக்குமா, தைத்தால் போதுமா? எந்தத் தசை? இப்போதே குரல்நாண்கள் இரண்டும் அசைகின்றனவா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. ஒரு மாதம் டியூப் இருந்தவருக்கு ஆபரேஷனுக்கு முன்பே ஒரு நாண் அசையாமல் இருக்கலாம். அது முன்னரே தெரிந்திருப்பது எல்லோருக்கும் நல்லது. வருடத்துக்கு ஒன்றிரண்டு செய்கிற இடத்தைவிட, மூச்சுக்குழாய் ஆபரேஷன்களை வழக்கமாகச் செய்கிற மையத்துக்குப் போவது நல்லது. முதல் ஆபரேஷனில் சரியாக வந்துவிட வேண்டும். இரண்டாவது முறை திறந்தால் தசையும் குறைவு, ஒட்டுதலும் அதிகம்.

அப்புறம் ஒன்று. வார்டில் தினமும் பார்க்கிறேன்: நாக்கு வறண்டு கெஞ்சுகிற மனிதரைப் பார்க்கப் பொறுக்காமல், நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் யாராவது ஒரு ஸ்பூன் இளநீர் ஊற்றிவிடுவார்கள். வேண்டாம். பஞ்சை நனைத்து உதட்டைத் துடைத்துவிடுங்கள், எத்தனை தடவை வேண்டுமானாலும். அந்த ஒரு ஸ்பூன் நேராக நுரையீரலுக்குப் போய், இன்னொரு நிமோனியாவாகி, குறித்த ஆபரேஷன் தேதியை இன்னும் சில வாரம் தள்ளிவிடும்.